போர்டு ஸ்கூலும் ஒரு ஓட்டும்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்தில் எண்பது வயதைத் தொட்டவர்களிடம் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளி என்று சொல்லமாட்டார்கள். "போர்டு ஸ்கூல்" என்பார்கள். போர்டு என்றால் கரும்பலகை என்று நினைத்துக்கொண்டான் என் பேரன். பலகை இருக்கும் பள்ளி, பலகை இல்லாத பள்ளி என்று இரண்டு வகை அந்தக் காலத்தில் இருந்ததாக்கும் என்று அவனே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டான். பலகை இல்லாத பள்ளிகளும் இருந்தன என்பது வேறு விஷயம்.

போர்டு என்பது ஜில்லா போர்டு. நம் ஓசூர் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்த காலம் அது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. வீடு மாறாமலே மூன்று மாவட்டங்களில் குடியிருந்துவிட்டேன் என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்வார். அந்த ஜில்லா போர்டில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் இருந்தார்கள். ரோடு, ஆஸ்பத்திரி, சத்திரம் இவற்றோடு பள்ளிக்கூடமும் அவர்கள் பொறுப்பு. பள்ளிக்கென்று ஓட்டு வாங்கி வந்த ஆள் ஒருவர் நம் ஊரிலும் இருந்தார் என்பது இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1870இல் அங்கே ஒரு கல்விச் சட்டம் வந்தது. பள்ளிகள் போதாத ஊர்களில் ஸ்கூல் போர்டு என்று ஒன்றை வரி கட்டுகிறவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம், அந்த போர்டு வரி வசூலித்துப் பள்ளி கட்டலாம் என்றது சட்டம். பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போட முடியாத பெண்கள் இந்தத் தேர்தலில் நிற்கவும் முடிந்தது. லண்டன் போர்டுக்கு நடந்த முதல் தேர்தலிலேயே எலிசபெத் காரெட் என்ற பெண் டாக்டரும், எமிலி டேவிஸ் என்ற அம்மையாரும் ஜெயித்தார்கள். அப்போது அந்த அரசாங்கத்தில் கல்வி இலாகாவுக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்த பிரபு யார் தெரியுமா? பத்து வருஷம் கழித்து நமக்கு வைசிராயாக வந்த ரிப்பன் பிரபு.

ரிப்பன் என்றால் நமக்குச் சென்னையில் உள்ள வெள்ளைக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். அவர் 1882இல் இரண்டு காரியம் செய்தார். ஹன்டர் தலைமையில் ஒரு கல்விக் கமிஷன் அமைத்தார். உள்ளூர் ஆட்சியை உள்ளூர்க்காரர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானமும் போட்டார். ஆரம்பக் கல்வியை உள்ளூர் போர்டுகளிடம் விட்டுவிடலாம் என்றது ஹன்டர் கமிஷன். இரண்டும் சேர்ந்துதான் 1884இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று வந்தது. ஆனால் இங்கிலாந்தில் கொடுத்ததை இங்கே அப்படியே கொடுக்கவில்லை. கலெக்டர்தான் போர்டுத் தலைவர். உறுப்பினர்களிலும் பலர் நியமனம். கலெக்டர் துரை தலைமை தாங்கும் கூட்டத்தில், எங்கள் ஊருக்கு இன்னொரு வாத்தியார் வேண்டும் என்று எழுந்து சொல்ல எத்தனை மிராசுதாருக்கு நாக்கு எழும்பியிருக்கும்?

1911இல் கோகலே, கட்டாய ஆரம்பக் கல்விக்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். மறு வருஷம் அது தோற்றது; ஆதரவு 13, எதிர்ப்பு 38. எதிர்த்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அதற்குப் பின், 1920இல் சென்னை மாகாணத்துக்கென்று ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு கல்விக் கவுன்சில், அதில் உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்கள், கல்விக்கென்று தனி வரி போடும் அதிகாரம் என்று நல்ல ஏற்பாடுதான். நகரவாசிகள் இன்றும் சொத்து வரியோடு கல்வி வரி என்று ஒன்றைச் சேர்த்துக் கட்டுகிறோமே, அதன் வேர் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. ரசீதைப் படிக்கிறவர்கள் குறைவு.

அதே 1920இல் சென்னை மாநகராட்சியில் நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பிட்டி தியாகராய செட்டியார் அப்போது மாநகராட்சித் தலைவர், அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். ஆயிரம்விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி கொடுக்க மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. பிறகு வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1922-23இல் அந்தப் பள்ளிகளில் 811 பிள்ளைகள், 1924-25இல் 1,671. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் மேலே இருந்த வெள்ளைக்கார அரசாங்கம், ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக்கூடாது என்று சொல்லி, 1925 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது.

நான் ஆயுள் முழுக்கக் கோப்பு கட்டியவன். அந்த ஆட்சேபக் குறிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். விதி சரியாக இருந்திருக்கும், பத்தி எண் சரியாக இருந்திருக்கும். பசி மட்டும் அந்தக் கோப்பில் எந்தப் பக்கத்திலும் இருந்திருக்காது. ஓட்டு வாங்கிய ஆள் தெருவில் நடந்தால் பசித்த பிள்ளையின் தாய் வழிமறிப்பாள். கணக்குத் தணிக்கை செய்கிறவரை யார் வழிமறிப்பது?

நம் மண்ணின் மைந்தரைச் சொல்லாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். தகப்பனார் கிராம முன்சீப். ஊர்ப் பள்ளியில் தொடங்கி, ஓசூர் அரசுப் பள்ளியில் படித்து, பிறகு பெங்களூரு சென்ட்ரல் காலேஜுக்குப் போனார். வக்கீலாகி சேலத்தில் குடியேறி, 1911இல் நகரசபை உறுப்பினர், 1917 முதல் 1919 வரை சேர்மன். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து ஒருவர் சேலம் நகரசபைக்கு முதன்முதலாக உறுப்பினராக வந்தது அவர் காலத்தில்தான். அவர் முயற்சியும் அதில் உண்டு. ஆக, உள்ளூர் மன்றத்தில் உட்கார்ந்து பழகிய மனிதர்.

அந்த மனிதர்தான் 1953இல் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் புதுத் திட்டம் என்று கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு வேளைதான், மூன்று மணி நேரம். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலில் கூடமாட இருக்கட்டும் என்றார். பணம் இல்லாத அரசாங்கம், அதே கட்டடத்தில், அதே வாத்தியாரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கப் போட்ட கணக்கு அது என்று அவர் தரப்பில் சொல்வார்கள். கணக்கு புரிகிறது. ஆனால் செருப்புத் தைப்பவர் பிள்ளை மத்தியானம் வீட்டுக்குப் போனால் என்ன கற்றுக்கொள்வான் என்று கேட்டவர்களுக்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் வைத்த பெயர்தான் நிலைத்தது. காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு. 1953 ஜூலை கடைசியில் சட்டசபையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சபாநாயகர் ஓட்டினால்தான் அரசு தப்பியது. அடுத்த தீர்மானத்தில் அதுவும் முடியவில்லை. திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், அடுத்த மாதமே திட்டம் போயிற்று.

எனக்கு ராஜாஜியிடம் மரியாதை உண்டு. தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டுக்கு, ஊரிலிருந்து வரும் உறவினர்களை எல்லாம் அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த வாசலில் நிற்கும்போது ஒன்று தோன்றும். 1953ஆம் வருஷத்துத் திட்டம் 1880களிலேயே இருந்திருந்தால், முன்சீப் மகன் மத்தியானம் தகப்பனாரிடம் கிராமக் கணக்கு கற்றுக்கொண்டு தொரப்பள்ளியிலேயே முன்சீப்பாக இருந்திருப்பார்.

காமராஜர் காலத்தை நீட்டி எழுதத் தேவையில்லை, நீங்களே அதன் சாட்சிகள். 1956இல் மதிய உணவு. 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். இன்றும் பழைய பள்ளிச் சுவர்களில் உபயம் என்று எழுதிய பெயர்களைச் சுண்ணாம்புக்கு அடியில் தேடினால் கிடைக்கும்.

அதே சமயம் 1958ஆம் வருஷப் பஞ்சாயத்துச் சட்டம் வந்து ஜில்லா போர்டுகள் மறைந்தன. தொடக்கப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன்களுக்குப் போயின. போர்டு உயர்நிலைப் பள்ளிகள் இடையில் சில காலம் இருந்து 1970இல் அரசுப் பள்ளிகளாயின. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று பெயர்ப் பலகைகளில் இன்றும் பார்க்கிறீர்களே, அந்தப் பெயர் அப்போது வந்தது.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். பிறந்தது புதுச்சேரி. பிரெவே வரை பிரெஞ்சில் படித்துவிட்டு, பிறகு தமிழையும் இங்கிலீஷையும் தட்டுத்தடுமாறிக் கற்று, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, 1973இல் எல்லையோர ஒன்றியம் ஒன்றில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த மேஜை கல்விப் பிரிவு. வாத்தியார்களின் சம்பளப் பட்டியல், கல்வி நிதிக் கணக்கு, பள்ளிக் கூரைக்கு ஓலை வாங்கிய பில், எல்லாம் என் கையில்.

ஒன்றியக் கூட்டத்தில் ஒவ்வொரு பஞ்சாயத்துத் தலைவரும் உறுப்பினர். கர்நாடக எல்லையை ஒட்டிய கிராமத்திலிருந்து ஒரு தலைவர் வருவார். வீட்டில் பேசுவது கன்னடம். தமிழ் புரியும், பேச வராது. எனக்கோ அப்போது தமிழே பாதி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை சந்தைக்கு வரும்போது என் மேஜைக்கு வந்து நிற்பார். கேள்வி ஒன்றுதான்: "ஸ்வாமி, மேஷ்ட்ரு யாவாக பர்தாரெ?" வாத்தியார் எப்போது வருவார் என்று அர்த்தம். ஓராசிரியர் பள்ளி அது. இருந்த ஓராசிரியரும் மாற்றலாகிப் போய் ஐந்து மாதமாகியிருந்தது.

கன்னடம் தெரிந்த வாத்தியாராகவும் இருக்க வேண்டும், காட்டோரத்தில் தங்கவும் சம்மதிக்க வேண்டும். எளிதில் கிடைக்கவில்லை. தலைவர் விடவில்லை. ஒன்றியக் கூட்டத்தில் ரோடு, கிணறு, சிறு பாலம் என்று எந்த விஷயம் எடுத்தாலும் எழுந்து நின்று கன்னடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சேர்மன் ஒருநாள் சலித்துப்போய், வாத்தியார் வந்தால் தங்க இடம் கொடுப்பீர்களா என்று கேட்டார். என் வீட்டுத் திண்ணை அறையைக் காலி செய்து வைத்து மூன்று மாதம் ஆகிறது என்றார் அவர். அடுத்த பதினைந்து நாளில் வாத்தியார் போனார். அந்தத் தலைவர் கைநாட்டு. தீர்மானப் புத்தகத்தில் அவர் பெருவிரலுக்கு மை தடவியது நான்தான்.

எல்லாம் இப்படியே இருந்தது என்று எழுதினால் அது பொய். சேர்மன் கையில் மாற்றல் அதிகாரம் இருந்ததால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாத்தியார்கள் இலை போட்ட காட்சிகளும் உண்டு. தேர்தலில் எதிர்க்கட்சிக்காரருக்கு வேண்டியவர் என்று பெயர் வந்தால் போதும், மலைமேல் உள்ள பள்ளிக்கு மாற்றல். நிதி வரத் தாமதமானால் முதல் தேதி சம்பளம் பத்தாம் தேதி ஆகும். அலுவலக வேப்பமரத்தடியில் காத்திருக்கும் வாத்தியார்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பின்வாசல் வழியாகப் போன நாட்கள் உண்டு. ஆகவே எங்களை அரசு ஊழியராக்குங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் போராடியதில் நியாயம் இருந்தது. 1981 ஜூனில் அது நடந்தது. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். வேப்பமரத்தடி காலியாயிற்று. எனக்கும் நிம்மதி.

ஆனால் ஒரு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1970க்குப் பிறகு 1986 வரை தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. எழுபதுகளின் பிற்பாதியிலேயே மன்றங்கள் கலைந்து, தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். ஆக 1981இல் பள்ளி, ஊர்க்கையிலிருந்து மாநிலத்தின் கைக்குப் போனபோது, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல ஓட்டு வாங்கிய ஒருவர்கூட எந்த ஒன்றியத்திலும் இல்லை. சம்பளத்தை அரசு எடுத்துக்கொள்ளட்டும், பள்ளியைக் கேள்வி கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கட்டும் என்று பேரம் பேச ஆளில்லை. திண்ணை அறையைக் காலி செய்து வைத்தவர் அதற்குள் சாதாரணக் குடிமகனாகிவிட்டார். அவர் என் மேஜைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வந்தாலும் நான் என்ன செய்திருப்பேன்? கோப்பு மாவட்டத்துக்குப் போய்விட்டதே.

இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு எனக்குப் பாடம் சொன்ன நாடே உதாரணம். பிரான்சில் ஒவ்வொரு கொம்யூனும் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று 1833லேயே சட்டம் வந்தது. ஜூல் ஃபெரி 1881இல் இலவசக் கல்வியும், 1882இல் கட்டாயக் கல்வியும் கொண்டுவந்தார். 1889இல் வாத்தியார்கள் அரசாங்கச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். அதற்காகப் பள்ளியை ஊரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை. தொடக்கப் பள்ளியின் கட்டடமும் பராமரிப்பும் இன்றுவரை கொம்யூன் பொறுப்பு. அங்கே சிற்றூர்களில் மேரியும் பள்ளியும் ஒரே கட்டடமாக இருக்கும். நடுவில் மேர் அலுவலகம், பக்கத்தில் வகுப்பறைகள். ஓடு உடைந்தால் மேர் தலையிலேயே சொட்டும். (இதையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். புதுச்சேரிக் கிராமங்களில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை என்பதை மட்டும் அந்தப் புத்தகம் சொல்லவில்லை.)

ஓசூருக்குத் திரும்புவோம். எழுபதுகளில் சிப்காட், 1980இல் லேலண்டும் டிவிஎஸ்ஸும், பிறகு டைட்டன். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள், கையில் காசு வந்தது, இங்கிலீஷ் மீடியம் வந்தது. காசுள்ள பெற்றோர் போனார்கள். குரல் உள்ளவர்களும் அவர்களேதான் என்பதால், அரசுப் பள்ளிக்காகப் பேசும் குரலும் அவர்களோடு வேனில் ஏறிப் போய்விட்டது. கழிப்பறைக்குக் கதவில்லை என்று தாசில்தாரிடம் இங்கிலீஷில் சண்டை போடத் தெரிந்த தகப்பன், இப்போது தனியார் பள்ளியில் வருஷத்துக்கு லட்சம் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார். கன்னடம், தெலுங்குப் பள்ளிகள் காலியானதற்கும் மொழிச் சட்டத்தைவிட இந்த வேன்களுக்கு அதிகப் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். நண்பர்கள் சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

பழைய போர்டுக்குப் பேரப்பிள்ளை மாதிரி ஒன்று இப்போது இருக்கிறது. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு. நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் பெற்றோராக இருக்க வேண்டும் (பிரெஞ்சில் எண்ணினால் 'அறுபது பதினைந்து'), பாதிப் பேர் பெண்கள். ரொம்ப நாள் அது கையெழுத்து வாங்கும் குழுவாகவே கிடந்தது. 2022இல் தமிழ்நாட்டில் பெற்றோரைக் கூட்டி ஊருக்கு ஊர் புதிதாக அமைத்தார்கள். உள்ளாட்சி உறுப்பினருக்கும் அதில் இடம் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த உள்ளாட்சி உறுப்பினர் எங்கே? 2016இல் பதவிக்காலம் முடிந்து, மூன்று வருஷம் இழுத்து, 2019 டிசம்பரில்தான் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் அவர்கள் காலமும் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள். 1981இல் பார்த்த அதே நாற்காலி காலி.

எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு தொடக்கப் பள்ளி. நான் அங்கே வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். சிப்காட்டில் கூலி வேலை செய்யும் ஒடிசாக்காரர் குடும்பத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே படிக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, ரேஷன் கார்டு இல்லை. ஆனால் மேலாண்மைக் குழுவுக்கு ஓட்டர் பட்டியல் வேண்டாம், பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். இதை அந்தத் தாய்மார்களில் ஒருவரிடம் சொன்னேன். நம்பவில்லை. தலைமையாசிரியை அம்மாவே வந்து சொன்ன பிறகு பெயர் கொடுத்தார். போன கூட்டத்தில் முதல்முறையாக வந்து உட்கார்ந்தார். தமிழ் கொஞ்சம், இந்தி கொஞ்சம் கலந்து ஒரே கேள்வி கேட்டார்: மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் எப்போது வருவார்? குறிப்பேட்டில் அதை எழுதி, கீழே அவர் கையெழுத்து வாங்கினார்கள். ஒடியா எழுத்தில் போட்டார்.